வேலைக்கு முன்

கண்மாயைத் தூர்வாரி முடித்த களைப்பில் இருளாயி மற்ற பெண்களோடு கரையில் உட்கார்ந்திருந்தாள். ஓவர்சியர் கைபேசியோடு வந்தார். வேலைக்கு முன் கண்மாய் கிடந்த கோலத்தைப் படம் எடுக்க மறந்துவிட்டாராம்; அது இல்லாவிட்டால் வேலை நடந்ததாகவே மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்களாம்.

“அள்ளுன மண்ணைக் கொஞ்சம் உள்ள போடுங்கம்மா. படம் எடுத்ததும் திரும்ப அள்ளிரலாம்.”

“வானம் இருட்டிக்கிட்டு வருதே சார். இந்த மழையை விட்டா அடுத்த வருசந்தான்,” என்றாள் இருளாயி.

“அதுக்குத்தான் சீக்கிரம்ங்கிறேன்.”

சண்டை போட யாருக்கும் தெம்பில்லை. பெண்கள் சும்மாட்டைத் தலையில் வைத்து, சட்டியில் மண்ணைச் சுமந்துகொண்டு மறுபடி உள்ளே இறங்கினார்கள். பழைய மேடு திரும்பி வந்ததும் ஓவர்சியர் கைபேசியை உயர்த்தினார்.

“ஆளுங்க தெரியக்கூடாது. ஒதுங்கிக்கங்க.”

இருளாயி காலிச் சட்டியோடு ஒதுங்கினாள். சட்டிக்குள் முதல் மழைத்துளி விழுந்தது.