கிணற்றடித் தகரம்

"டீச்சரம்மா! நீங்க குடுத்த தகரந்தான் எங்க ஊட்டுக்காரரைத் திருப்பிக் குடுத்துச்சு!"

மீன் கூடையை வாசலில் இறக்கியதும் இறக்காததுமாக, கன்னியம்மாள் வசந்தாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பின்னால் அவள் புருஷன் ஆதிமூலம், மூன்று நாள் உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த முகத்தோடு நின்றிருந்தார். கூடையில் ஒரு முழு வஞ்சிரம்.

வசந்தா சட்டென்று உள்பக்கம் எட்டிப் பார்த்தாள். அந்தத் தகரத்தை அவள் தூக்கிக் கொடுத்த விஷயம் கணவன் குமாரவேலுக்குத் தெரியாது. அவன் உள்ளே ஈஸிசேரில் சாய்ந்து விட்டத்தை முறைத்துக்கொண்டிருந்தான். ஒரு வாரமாக அதுதான் வேலை.

நெல்லித்தோப்பு மில் தொழிலாளியின் மகன் குமாரவேல், பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இன்ஜினியர். நம் நாட்டிலேயே உருவாகும் போர் விமானம் ஒன்றுக்கு வடிவம் வரைகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். அது என்னதான் செய்யும் என்று வசந்தா கேட்காத லீவு கிடையாது.

"ரொம்ப வேகமாப் போவுமா?"

"எல்லாப் போர் விமானமும் வேகமாத்தான் போவும்."

"அப்ப ரொம்ப ஒசரத்துல பறக்குமா?"

"வசந்தா, அது ரகசியம்."

தாலி கட்டியவளிடம் அப்படி என்ன ரகசியமோ!

எண்பத்தேழாம் வருஷப் பொங்கல் லீவில் வந்தவன், எண்ணெய் டின்களை வெட்டி, கிணற்றடியில் உட்கார்ந்து எதையோ செய்தான். அறையின் மூலை மாதிரி மூன்று தகடுகள் ஒன்றோடொன்று நேராக முட்டிக்கொண்டு நின்றன. விமானத்தின் வால் பகுதியாம். அளவுகளைக் குறித்துக்கொண்டு துள்ளிக் குதித்துப் பெங்களூர் போனான்.

போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டான். சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ராஜினாமாக் கடிதம். தேதி மட்டும்தான் பாக்கி.

"நான் வரைஞ்சது தேறலை. பத்து மாச வேலை பாழ். எல்லார் எதிர்லயும் மானம் போச்சு. இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அங்க போறது?" என்றான். மனசுக்குப் பிடித்த வேலையை விட்டுவிட்டு இந்த மனுஷன் எப்படி உயிரோடு இருப்பான் என்பதுதான் வசந்தாவின் கவலை.

இப்போது எழுந்து வாசலுக்கு வந்தான். "என்னா தகரம்?"

"சாரு கோச்சுக்கக் கூடாது" என்றாள் கன்னியம்மாள். "புதுசாப் படகு வாங்கினோம். எங்க குருசுக்குப்பத்துக் கண்ணு பூரா அதும்மேலதான். திருஷ்டிக்குப் பூசணிக்கா கட்டுனா, நாலு நாள்ல அழுகிப்போவுது. உங்க கெணத்தடியில இது பளபளன்னு கெடந்துச்சு. பாக்குறவன் கண்ணு இதும்மேல பட்டா, அப்படியே அவன்கிட்டயே திரும்பிப் போயிடும்னு தோணிச்சு. டீச்சரம்மாவைக் கேட்டு வாங்கிட்டுப் போயி, படகுக் கம்பத்து உச்சியில கட்டிட்டேன்."

"சும்மாதானே கெடந்துச்சுன்னு..." வசந்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குமாரவேல் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "கம்பத்து உச்சியிலயா? அப்புறம்?"

ஆதிமூலம் முன்னால் வந்தார். "நடுக்கடல்ல இஞ்சின் நின்னுபோச்சு சார். நாங்க நாலு பேரு. மூணு நாளும் மழை, காத்து. கைய நீட்டினா கை தெரியலை. தேடுற கப்பலு ரெண்டு நாளா வேற பக்கம் சுத்தியிருக்கு. மரப்படகு ரேடார்ல லேசுல தெரியாதாமே! கொண்டுபோன சோறும் தீந்துபோச்சு. அவ்ளோதான்னு புள்ளைங்க பேரைச் சொல்லி அழுதுட்டுக் கெடந்தோம். மூணாம் நாளு கப்பலு நேரா எங்ககிட்ட வந்து நிக்குது! எங்களை ஏத்திக்கிட்டு, படகையும் கயித்துல கட்டி இழுத்தாந்த ஆபீசர் கேக்குறாரு, 'ரேடார்ல பெரிய கப்பல் மாதிரி தெரிஞ்சுது, இந்தத் துண்டுப் படகா அது?'ன்னு. அண்ணாந்து தகரத்தைப் பாத்தாரு. 'இதைச் செஞ்சவனுக்குக் கோயில் கட்டுங்கய்யா'ன்னுட்டுப் போயிட்டாரு."

இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டார். "நாலு குடும்பம் சார்..."

குமாரவேல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. "நீங்க எனக்கு என்ன குடுத்திருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியாதுண்ணே. நான்தான் கும்பிடணும்."

"தகரத்தைக் கழட்டிக் கொண்டாந்துடட்டுமா சாரு?" என்றாள் கன்னியம்மாள்.

"ஐயையோ, வேணாம்! குப்பத்துல எத்தினி படகு இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க. ஒண்ணுவிடாம எல்லாத்துக்கும் செஞ்சு குடுத்துட்டுத்தான் பெங்களூர் போவேன்."

அவர்கள் போனதும் அவனே அடுப்பங்கரைக்கு வந்தான். பையிலிருந்த கடிதத்தை எடுத்து, வஞ்சிரக் குழம்பு கொதிக்கும் அடுப்புக்குள் போட்டான். வசந்தாவுக்குப் போன உயிர் வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது.

"அம்மாம் மழையிலயும் ரேடார்ல கப்பல் மாதிரி தெரிஞ்சிருக்கு! இதைப் போயி தேறலைன்னு சொன்னாங்களே, அவங்கல்லாம் என்னங்க பெரிய விஞ்ஞானி?"

ஒரு வாரத்துக்குப் பிறகு குமாரவேல் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தான்.

"அவங்க மேல தப்பே இல்ல வசந்தா. எந்த ரேடார் கண்ணுலயும் படவே கூடாத விமானத்துக்கு நான் செஞ்ச வால் அது!"