பச்சைக் கீறல்

“பளபளப்பு வேணாம். வேற ஏதாவது காட்டுங்க” என்றார் டிரைவிங் மாஸ்டர்.

கார் சாமான் கடைக்காரர் இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததே இல்லை. கையிலிருந்த வாக்ஸ் டப்பாவை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“சார், இதைப் போட்டா ஈ உட்கார்ந்தாக்கூட வழுக்கி விழும். எல்லாரும் அதைத்தானே கேப்பாங்க?”

“ஈ விழுந்தா எனக்கென்ன? பாலிஷ் போட்டிருக்குன்னே யாருக்கும் தெரியக் கூடாது. அந்த இடத்துல ஒண்ணுமே நடக்கலைங்கற மாதிரி இருக்கணும்.”

பக்கத்தில் நின்ற மாஸ்டரின் மனைவி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “கீறலா?”

“ம்.”

“நகத்தால வருடிப் பாத்தீங்களா? நகம் மாட்டுச்சுன்னா ஆழமா போயிருக்கு, பெயிண்ட்தான் அடிக்கணும். மாட்டலைன்னா காம்பவுண்ட் வச்சுத் தேய்ச்சாலே போயிடும்.”

“மாட்டல. ஆனா பச்சையா அப்பியிருக்கு.”

பச்சையா! பச்சைச் சட்டை போட்ட யாரோ ஓர் ஆள் நடுரோட்டில் குப்புறக் கிடப்பது மனைவியின் கண்ணுக்கு அப்படியே தெரிந்தது.

கீறலைத் தேய்த்தெடுக்கக் காம்பவுண்ட், தேய்த்த தடத்தை மறைக்கப் பாலிஷ், அதுக்கு மேலே மெல்லிசாகப் பூச ஒரு வாக்ஸ். மூன்றையும் மாஸ்டர் வாங்கிக்கொண்டார். செராமிக் கோட்டிங்கை மட்டும் திருப்பித் தள்ளினார்.

“அது மாப்பிள்ளை மாதிரி மினுக்கும். பாத்த உடனே சந்தேகம் வந்துடும்.”

தெருவுக்கு வந்ததும் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“வண்டியை வீட்லயே விட்டுட்டு நடந்து வந்தப்பவே நினைச்சேன். உண்மையைச் சொல்லுங்க. ஆளா, மாடா?”

“என்னது?”

“எதை இடிச்சீங்க?”

“நான் எதையும் இடிக்கல. பேசாம நட.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க வீட்டு கேட்டைச் சாத்திவிட்டு, காரை நிழலில் நிறுத்தி, வேலையில் இறங்கினார் மாஸ்டர். முதல் பரிசோதனை ஃபிரிட்ஜ் கதவில். அதைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. “ரொம்ப மினுக்குதே” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, வாக்ஸைக் குறைத்துப் பிரஷர் குக்கர் மூடியில் போட்டுப் பார்த்தார். அப்புறம்தான் காரிடம் போனார்.

போன் அடித்தது. வீட்டு முன்னறைதான் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸ். போனை எடுப்பது எப்போதும் மனைவிதான்.

“கார் கத்துக்கணுங்க. என்னிக்கு வரலாம்?”

“எங்ககிட்ட காரே இல்லீங்க!” என்று டொக்கென வைத்துவிட்டாள்.

“என்னடி சொன்னே?” என்று வெளியிலிருந்து கத்தினார் மாஸ்டர்.

“உங்களைக் காப்பாத்தினேன்!”

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. போலீஸ்தான் என்று மனைவி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

வந்தது பேக்கரி அம்மா. கேக் டப்பாக்களைத் தானே ஓட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று, ஐம்பது வயசுக்கு மேல் கார் கற்க வந்தவர். மூன்று டிரைவிங் ஸ்கூலில் ‘உங்களுக்கு வராதும்மா’ என்று அனுப்பிவிட்டார்கள். நாலாவதுதான் இது. மாஸ்டரோ வாய்க்குப் பேர் போனவர். கிளட்சை விட்டால் ‘அது காலா, நாற்காலிக் காலா?’ என்பார்.

பேக்கரி அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“மாஸ்டர், நான் நிறுத்திக்கறேன். சனிக்கிழமை அந்தப் பச்சைத் தூண்ல உங்க வண்டியை உரசினேனே, அப்பவே முடிவு பண்ணிட்டேன். திரும்பிப் பாக்கக்கூட தைரியமில்லாம இறங்கி ஓடிட்டேன். எனக்கு இது வராது.”

“எந்தத் தூண்?”

“பார்க் கேட் தூண்! கர்ர்னு சத்தம் கேட்டுச்சே.”

“வண்டி எங்கம்மா பட்டுச்சு? அதுக்குள்ளதான் நான் பிரேக்கைப் பிடிச்சிட்டேனே. நீங்களே பாருங்க.”

பேக்கரி அம்மா காரை இரண்டு முறை சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். இடது பக்கக் கதவைக் கையால் தடவிப் பார்த்தார். மற்றக் கதவுகள் எப்படியோ, அதுவும் அப்படியே இருந்தது.

“அப்போ அந்தச் சத்தம்?”

மாஸ்டர் தொண்டையைத் தடவிக்கொண்டார். “அது என் தொண்டைம்மா. பயந்தா அப்படித்தான் வரும்.”

பேக்கரி அம்மா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த மனைவி, புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். ‘என்ன வேடிக்கை?’ என்பது போலக் கண்ணாலேயே ஓர் அதட்டல் போட்டுவிட்டு மாஸ்டரும் ஏறிக்கொண்டார்.

“ரிவர்ஸ் போடுங்க. மெதுவா... மெதுவான்னேன்! காலா அது?”

கர்ர்ர்ர்ர்.

கார் நின்றது. பேக்கரி அம்மாவின் வெளிறிப்போன முகம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தது.

“ஐயோ, உங்க கேட்ல பட்டுடுச்சாம்மா?”

மாஸ்டரின் மனைவி நின்ற இடத்திலிருந்து கீறல் நன்றாகத் தெரிந்தது. ஒரு முழ நீளம் இருக்கும்.

“சேச்சே, அது என் தொண்டைங்க! நீங்க பயப்படாம ஓட்டுங்க!”