ஒரு முஷ்டி இடைவெளி

மாசாத்தியின் தம்பியைக் கொன்றவனே அவளிடம் புது நாண் கேட்டு வந்தான். அவள் யாரென்று அவனுக்குத் தெரியாது. அந்த முகத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள். நாணேற்றிய வில்லில் நாணுக்கும் வில்லுக்கும் நடுவே கட்டைவிரல் நிமிர்த்திய ஒரு முஷ்டிதான் அடங்க வேண்டும். நாண் குட்டையானால் இடைவெளி கூடி, முழுதாக இழுக்கையில் வில் முறிந்து முகத்தில் அடிக்கும். அவள் குட்டையாகவே முறுக்கி முடித்தாள்.

"அக்கா, நாண் விரல அறுத்துருச்சே!" தன் தலைத்துணியைக் கிழித்து அவனே கட்டுப்போட்டான். "நாணுக்கு இப்பிடியா ரத்தம் குடுப்பாங்க?"

நாணேற்றிவிட்டு, "இறுக்கமா இருக்கே?" என்றான்.

"இழுத்தாத் தளரும்."

"நீங்க சொன்னாச் சரிக்கா." சிரித்தபடி நாணில் விரல் வைத்தான்.

"நில்லு." அவள் கட்டுப்போட்ட கையை மடக்கி, கட்டைவிரலை நிமிர்த்தி, நாணுக்கும் வில்லுக்கும் நடுவே வைத்தாள். முஷ்டிக்கு மேலும் இடம் கிடந்தது. அந்த இடத்தையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.