பெல்ட் கேட்ட கேள்வி

பனியன் கம்பெனியில் பகலெல்லாம் குனிந்து செக்கிங் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது தமயந்தியின் இடுப்பு அவளுடையதாகவே இருக்காது. படுக்கையறை ஆணியில் இடுப்பு வலிக்குக் கட்டும் இரண்டு கரண்ட் பெல்ட்டுகள் தொங்கின. அவளுக்கொன்று, கணவன் மாசிலாமணிக்கொன்று; ஒரே கடையில் ஒன்றாக வாங்கியவை. கட்டிக்கொண்டால் "இப்போது வலி எப்படி இருக்கிறது?" என்று தேனொழுகக் கேட்டு, பதிலுக்குத் தக்கபடி கரண்டைக் கூட்டும், குறைக்கும்; மறுமுறை கட்டும்போது அந்த அளவிலேயே தொடங்கும். அவளுடையதோ எறும்பு ஊர்வதுபோல் கொஞ்சம் ஊர்ந்துவிட்டு அடங்கிவிடும்.

"இது ரிப்பேருங்க," என்றாள்.

"ரிப்பேரா? உனக்கு வலியே இல்லைன்னு அதுவே சொல்லுது. எனக்குப் பாரு, உசுரு போவுது," என்றான் மாசிலாமணி. "அந்தத் தண்ணிக் கேனைத் தூக்கி வெச்சிரு அம்மணி. நான் குளிச்சுட்டு வந்தர்றேன்."

தூக்கி வைத்தாள். குளியலறைக் கதவு சாத்தியதும் அவனுடைய பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அம்மாடி! கல்லாய்க் கிடந்த சதையை யாரோ பத்து விரலாலும் பிசைந்து இளக்குவதுபோல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்தது. இத்தனை நாளும் இதையா இந்த மனுசன் அனுபவித்துக்கொண்டிருந்தான்?

"இப்போது வலி எப்படி இருக்கிறது?" என்றது பெல்ட்.

டாக்டரிடமும், போனில் அம்மாவிடமும், எதிர்வீட்டுக்காரியிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"பரவாயில்லைங்க."

"மிக்க மகிழ்ச்சி," என்றது பெல்ட். எறும்பு ஊர ஆரம்பித்தது.