நாய் கடித்த மடல்

மண்வெட்டியோடு வந்த ப்ரின் அப்படியே நின்றுவிட்டாள்.

தோண்டி எறிய வேண்டிய சப்பாத்திக்கள்ளி உயிரோடு இருந்தது.

மடல்கள் தரையோடு தரையாகச் சாய்ந்து, சுருங்கி, கருஞ்சிவப்பாகக் கிடந்தன. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் செத்துவிட்டது என்பார்கள். கனடாவின் மெடிசின் ஹாட் ஊரில் மார்ச் மாதக் கள்ளி இப்படித்தான் இருக்க வேண்டும்.

குளிர் வருமுன் அது தன் தண்ணீரைத் தானே வற்றவைத்துக்கொண்டு படுத்துவிடும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் உறைந்து கிழிந்துவிடும்.

"ஆகஸ்டுக்கு அப்புறம் அதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி காட்டாத" என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆற்றுச் சரிவிலிருந்து அதைப் பிடுங்கி வந்து நட்டவள் அவள்தான். அவள் போய் நாலு வருடம் ஆகிறது.

ப்ரின் தண்ணீர் காட்டிவிட்டாள்.

போன அக்டோபரில், தினமும் சாயங்காலம், ஒரு குவளை. செடி மெலிந்து மெலிந்து படுப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அம்மாவும் கடைசியில் அப்படித்தான் படுத்தாள்.

பிப்ரவரியில் ஒருநாள் வெதுவெதுப்பான மலைக்காற்று அடித்துப் பனி விலகியபோது பார்த்தாள். செடி இருந்த இடத்தில் கறுத்த கூழ்.

மறுநாளே புதுப்பனி மூடிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பதினைந்து வயதில் ஒரு பொய்யை ஒரு மாதம் வயிற்றுக்குள் வைத்திருப்பது லேசான காரியமில்லை.

அப்பாவுக்கு வடக்கே எண்ணெய் வயலில் வேலை. மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் வீடு. குளிர்காலம் முழுக்க, வரும்போதெல்லாம் பனிமேட்டைப் பார்த்து, "தூங்கட்டும்" என்பார்.

இன்று காலை வருகிறார். பனி சுத்தமாகக் கரைந்துவிட்டது. வண்டியை விட்டு இறங்கினால் முதலில் இங்கேதான் வருவார், வீட்டுக்குள் அப்புறம்தான்.

மான் தின்றுவிட்டது என்று சொல்வதாக இருந்தாள். அதற்குத்தான் மண்வெட்டி.

ஒரு குச்சியால் மடலை அழுத்திப் பார்த்தாள். தோல்போலக் கெட்டியாக இருந்தது. சுற்றியிருந்த மண் மட்டும் பொலபொலவென்று உதிர்ந்தது.

கூழ் எப்படி மடலானது?

பயம் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டது. ப்ரின் தரையில் கன்னம் படக் குனிந்து பார்த்தாள்.

பிஸ்கட் கடித்த மடலைத் தேடினாள். பிஸ்கட், அவர்கள் வீட்டில் இருந்த நாய். குட்டியாக இருந்தபோது இந்தக் கள்ளியைக் கடித்துவிட்டு, வாயெல்லாம் முள்ளோடு தெருவையே கூட்டியது. கடித்த இடம் அரைவட்டமாக, பழுப்பேறி, காய்ப்புக் காய்த்திருக்கும்.

அரைவட்டம் இருந்தது.

ஆனால் ஓரம் பச்சையாக இருந்தது. வெட்டு வழவழவென்று ஒரே கோடாகப் போயிருந்தது.

பிஸ்கட்டுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாது.

யாருக்குத் தெரியும் இந்தக் கடி? அப்பாவுக்கு, அவளுக்கு. அப்புறம் சமையலறைக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் போட்டோவுக்கு. அதில் அம்மா பிஸ்கட்டைத் தூக்கிவைத்திருப்பாள், பின்னால் கடிபட்ட மடலோடு இந்தக் கள்ளி.

உள்ளே போனாள். போட்டோ கோணலாக இருந்தது. ஓரத்தில் மண் படிந்த ஒரு கட்டைவிரல் ரேகை.

மேஜையருகே லொரெட்டா உட்கார்ந்திருந்தாள். அப்பா இரண்டு வருடத்துக்கு முன் கட்டிக்கொண்டவள். மழை ஓயாத கடற்கரை ஊர்க்காரி. "முள்ளுக்கு இவ்வளவு மரியாதை பண்றத இந்த வீட்லதான் பார்க்கறேன்" என்று வந்த புதிதில் ஒருமுறை சொன்னாள். அதிலிருந்து அவள் கேட்டதற்கு மட்டும்தான் ப்ரின் பதில் சொல்வாள்.

லொரெட்டாவின் இரண்டு கை விரல்களிலும் ஒட்டுநாடா சுற்றியிருந்தது. ஒன்றைச் சரக்கென்று உரித்தாள். நாடாவில் பொன்தூள்போலப் பொடிமுள். காபிக் கோப்பையை மணிக்கட்டுகளால் தூக்க முயன்று, கீழே வைத்தாள்.

"என்ன பார்க்கற? பஸ்ஸுக்கு நேரமாகலையா?"

ப்ரின் எதிரே உட்கார்ந்தாள். மேஜைமேல் கிடந்த முள்ளெடுக்கும் இடுக்கியை எடுத்தாள். "கையைக் குடுங்க."

லொரெட்டா கையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். நீட்டினாள்.

முதல் முள். இரண்டாவது. மூன்றாவதுக்கு லொரெட்டா பல்லைக் கடித்தாள்.

"கையுறை போட்டுக்கிட்டுத்தான் தோண்டினேன். அந்த ஆத்துச் சரிவுல கழட்டினது தப்பாப் போச்சு." குரல் இறங்கியது. "உங்கப்பாகிட்ட சொல்லிடாத, ப்ரின். பழைய செடியைக் கொன்னது நான்தான். அக்டோபர்ல எல்லாம் சாய ஆரம்பிச்சுதா, எனக்குப் பதறிப்போச்சு. உங்கம்மா செடி என் கையில போச்சுன்னு பேர் வரக்கூடாதுன்னு தினம் காலைல தண்ணி ஊத்தினேன். நீ பள்ளிக்கூடம் போன அப்புறம்."

இடுக்கி நின்றது.

அந்த அக்டோபரில் குவளையோடு போகும்போதெல்லாம் மண் ஏற்கனவே ஈரமாக இருந்தது. பனி உருகிய ஈரம் என்று நினைத்திருந்தாள்.

வெளியே வண்டி வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தம். பூட்ஸ் காலடி வாசலுக்கு வராமல் பக்கவாட்டில் திரும்பியது.

லொரெட்டா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். ப்ரின் விடவில்லை.

"இருங்க, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள். குனிந்து, முள்ளைத் தேடியபடியே, "சாயங்காலம் ஊத்தினது நான்."