அக்காவின் முதுகுக்கேற்ற சைக்கிள்

காலை வெயில் ஜன்னல் வழியே இறங்கி, முன்னறையில் ஸ்டாண்டு போட்டு நிற்கும் புது சைக்கிளின் மட்கார்டில் பளபளக்கிறது. தங்கை மூன்று வாரமாகப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது அது. வருடா வருடம் கூடவே சைக்கிளில் ஊர் சுற்றிய அக்கா, முதுகில் அறுவை சிகிச்சை ஆனதும், "இனிமே நமக்கு ஆகாதுடி, நீ மட்டும் போயிட்டு வா" என்று கையை விரித்துவிட்டாள். அதனால்தான் குனிய வேண்டாதபடி உயர்த்திய ஹேண்டில்பார், ஸ்பிரிங் வைத்த அகலமான தோல் சீட், பருத்த டயர், பின்னால் இருபுறமும் துணிப்பைகள். அக்கா சுவரைப் பிடித்து ஏறி உட்காருகிறாள்.

"கால் ரொம்ப மடங்குது."

"இறங்கு." தங்கை ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, சீட்டை இரண்டு விரல் உயர்த்தி முடுக்குகிறாள். அக்கா மறுபடி ஏறி மிதிக்கிறாள். தரையில் படாத பின்சக்கரம் சுழல, கம்பிகளின் நிழல் சுவரில் ஓடுகிறது. தங்கையோ சக்கரத்தைப் பார்க்கவில்லை. வலி வந்தால் அக்காவின் நெற்றியில் விழும் சுருக்கத்துக்காகக் காத்திருக்கிறாள். அது விழவில்லை.

"வலிக்குதா?"

"எதுக்கு வலிக்கணும்? நாற்காலில உக்காந்த மாதிரி இருக்கு."

"அப்ப இறங்கு, காபி ஆறுது."

"இங்கயே கொண்டா." மிதிப்பதை நிறுத்தாமலே காபியைக் குடிக்கிறாள். பிறகு கால்களுக்கிடையே சட்டத்தில் பூட்டியிருக்கும் ஒற்றைப் பாட்டில் தாங்கியை உற்றுப் பார்க்கிறாள். "ஒரே ஒரு தண்ணி பாட்டில் வைக்கத்தான் இடம் இருக்கா? மலையேத்தத்துல எனக்கு எவ்வளவு தாகம் எடுக்கும்னு தெரியாதாடி உனக்கு?"

தங்கை கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு பாட்டில் தாங்கியைத் தேடிப் பெட்டியைக் குடைகிறாள்.