எல்லாவற்றையும் மாற்று

“எல்லாத்தையும் மாத்தவான்னு கேட்டுச்சும்மா. அமுக்கிட்டேன்,” என்றார் ராமசுப்பிரமணியன்.

டிடிபி கடைப் பெண் நிருஷா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். திரையில் ‘ரே”ன் கடை’ என்று இருந்தது. அடுத்த வரியில் ‘ஸ்டே”ன்’.

“எதை எதா மாத்தினீங்க சார்?”

அதைச் சொல்லத்தான் அவருக்குக் கூச்சம். காலையில் லேப்டாப் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. அதன்பிறகு அவருடைய பழைய எழுத்துருவில் மேற்கோள் குறி வர வேண்டிய இடத்திலெல்லாம் ‘ஷ’ வந்து உட்கார்ந்துவிட்டது. கதையில் யார் வாயைத் திறந்தாலும் முன்னால் ஒரு ஷ, பின்னால் ஒரு ஷ.

ஷ அனைத்தையும் நீக்கி மேற்கோள் குறி இடுக என்று ஆணையிட்டார். இருபத்தாறு வருடம் அரசாங்கக் குமாஸ்தா. ஒட்டுமொத்தமாக ஓர் உத்தரவு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அத்தனை சீக்கிரம் போகாது. ஷ போயிற்று. கூடவே ரேஷனும் ஸ்டேஷனும் போயின. வந்த குறிகளும் திறப்பது எது, மூடுவது எது என்றில்லாமல் ஒரே பக்கம் பார்த்து நின்றன.

ஐந்து மணிக்குள் கதை சென்னைக்குப் போயாக வேண்டும். ‘முகாமின் குரல்’ என்ற தலைப்பில் ஒரு சிறுபத்திரிகை சிறப்பிதழ் போடுகிறது. அச்சேறிய அவருடைய ஒன்பது கதைகளில் ஏழு, அந்தந்தப் பத்திரிகையின் கடைசி இதழில் வந்தவை. அவர் கதை போட்டால் பத்திரிகை நின்றுவிடும் என்று முதுகுளத்தூர் நண்பர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதற்கு முன் அவரே சொல்லிச் சிரித்துவிடுவார். இந்தப் பத்திரிகை இருபது வருடமாக நிற்காமல் வருகிறது. இதில் ஒன்று வந்துவிட்டால் போதும். பிறகு அந்தச் சிரிப்பைச் சிரிக்க வேண்டியதில்லை.

நிருஷா எதையோ திறந்து, ஒரு கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தாள். அரை நிமிட வேலை. இனிமேல் அடிப்பது சரியாக வரும், அடித்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால்தான் மாற்ற வேண்டும் என்றாள். எது பேச்சு, எது ரேஷன் என்று மிஷினுக்குத் தெரியாதாம். பன்னிரண்டு பக்கத்துக்கு ஆறு மணியாவது ஆகும் என்றாள்.

மணி நாலு. அவர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமுக்கு எதிரே இருந்த கடை அது. நிருஷா முகாமில் பிறந்தவள். கதையும் முகாம் கதை. கணக்கெடுப்பு நாளில் வராமல் போனதால் பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்ட சந்திரவதனா என்ற பெண்ணுக்கு ஒரு நல்ல குமாஸ்தா உதவுகிறார். குமாஸ்தா முழுக்கக் கற்பனை. அவருக்கும் சொந்த ஊர் முதுகுளத்தூர் என்பது தற்செயல்.

முகாம் கதையை முகாம் பெண்ணே சரி செய்வதில் ஒரு பொருத்தம் இருப்பதாக அவருக்குப் பட்டது. பின்னால் ஏதாவது கட்டுரையில் சேர்த்துக்கொள்ளலாம். உருக்கமான நாலாம் பக்கம் வந்தபோது, அவள் கண் கலங்குகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். கொட்டாவிதான் வந்தது.

அவ்வப்போது, இது யார் பேசுவது என்று கேட்டாள். குமாஸ்தா என்றார். இது? அதிகாரி. இது? அதுவும் குமாஸ்தாதான்மா. இந்த நீளமானது? அது குமாஸ்தா தன் மனைவியிடம் சொல்வது.

நாலே முக்காலுக்கு அவள் கையை உதறிக்கொண்டு, முடிந்தது என்றாள்.

“அதுக்குள்ளயா? ஆறு மணியாகும்னியேம்மா.”

“சந்திரவதனா அக்கா ஓரிடத்திலயும் கதைக்கல்லயே சார். அவவும் கதைச்சிருந்தா ஆறு தாண்டியிருக்கும்.”

நல்ல செய்தியாகத்தான் சொன்னாள்.

அவர் திரையை மேலே தள்ளினார். சந்திரவதனா நின்றாள். சந்திரவதனா ஏறிட்டுப் பார்த்தாள். கண்ணீரே பதிலாக இருந்தது. இன்னும் மேலே தள்ளினார். அங்கேயும் நின்றுகொண்டுதான் இருந்தாள். பன்னிரண்டு பக்கம்.

அது ஓர் உத்தி என்று சொல்ல வாயெடுத்தார். மௌனத்தின் அழகியல் பற்றி அவரிடம் ஒரு கட்டுரையே இருந்தது. நிருஷா தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. பெயர் அடிக்கப்பட்டவள் அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றால் என்னம்மா சொல்வாள்? கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். சொன்னால் கதையை முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.

செல்போன் அடித்தது. பத்திரிகை ஆசிரியர். பக்கங்களை முடித்து அச்சுக்கு அனுப்பப்போகிறோம், உங்கள் கதைக்குத்தான் நிற்கிறது என்றார்.

“இந்தா அனுப்பிடுறேன் சார், அஞ்சே நிமிசம்,” என்று சொல்லிவிட்டு ராமசுப்பிரமணியன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். கடைசிப் பக்கத்துக்குப் போனார். யோசிக்கவே தேவைப்படவில்லை, விரல்களுக்கே தெரிந்திருந்தது. ஒரே வரி.

“எல்லாம் உங்க புண்ணியம் சார்,” என்றாள் சந்திரவதனா.

திருப்தியாக இருந்தது. இப்போது அவளும் பேசிவிட்டாள். அனுப்பிடும்மா என்று சொல்லிவிட்டு, இராமநாதபுரம் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்க வெளியே போனார்.

நிருஷா அந்த வரியைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். அவசரத்தில் அடித்ததில் மூடும் குறிக்குப் பதில் இன்னொரு திறக்கும் குறி விழுந்திருந்தது. அதைச் சரியாகத் திருப்பி வைத்துவிட்டு, அனுப்பு என்பதை அமுக்கினாள்.